முனையோடு முனை

டண்டியிலிருந்து கொண்டுவந்தார் வான் ஸெயில்,
போர்வையில் சுற்றி, காய்ச்சல் பிள்ளையைப் போல.
"பாட்டனுக்குப் பாட்டன் பறித்தது,
ஸ்பியோன் கோப்பில், வெள்ளைக்காரச் சிப்பாயிடம்."
மாரிட்ஸ்பர்க்கில் இந்தக் கடைக்கு வரும்
எல்லோர் பாட்டனும் அங்கேதான் நின்றிருக்கிறார்.
அந்த மலையுச்சியில் அவ்வளவு இடம் கிடையாது.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
வலப்பக்கம் கிரீடம். அடியில் என்ஃபீல்டு, 1887.
மார்ட்டினி-ஹென்றி.
அந்தச் சண்டைக்குள் சிப்பாய்கள் கைமாற்றிவிட்ட சாமான்.
அடிக்கட்டையில் அகன்ற அம்பு: சர்க்கார் சொத்து.
அதன் முனையில் முட்டிக்கொண்டு
தலைகீழாய் இன்னொரு அம்பு.
அப்படி முட்டினால்
படை கைகழுவி விற்றுவிட்டது என்று பொருள்.
யாரும் யாரிடமும் பறிக்கவில்லை.

"இந்தப் பதினொரு வெட்டும் பதினொரு ஆள்"
என்றார், குரலைத் தாழ்த்தி.
லென்ஸில் பார்த்தேன்.
வெட்டுக்குள் மரம் வெளுப்பு,
எண்ணெய்கூட இன்னும் இறங்கவில்லை.
சீட்டில் எழுதினேன்: வெட்டுகள், பிற்காலம்.

வாசித்தார். கோபப்படவில்லை.
"உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம், மிஸ்டர் மூட்லி?"

ஸ்ட்ரெச்சர் தூக்கினாராம் என் பூட்டன்,
அதே மலையில்.
வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.
துணியை மடித்தேன்.
அந்தத் தோளை
நான் லென்ஸில் வைத்துப் பார்த்ததில்லை.