ஒன்று தசம் இரண்டு

ஆய்வுகூட அலுமாரியின் சாவி
போன தவணையே தொலைந்துவிட்டது.
கண்ணாடிக்குப் பின்னால் முகவைகள்
பூட்டிய கடையின் பலகாரம்போல.
எங்களுக்கு ஜாம் போத்தல், பால்மா ரின்,
ஊசி கழற்றிய சிரிஞ்சு.

எரியும் மெழுகுதிரியைப் போத்தலால் மூடினால்
தட்டுத் தண்ணீர் உள்ளே ஏறும் என்றது புத்தகம்.
மூட முன்னமே அணைத்தது
கோட்டைப் பக்கத்துக் காற்று.
ஆறு தரம்.
ஏழாம் தரம் கௌரிஷா
வகுப்புக்குள் குடை விரித்தாள்.
ஏறியது, அரை விரல் உயரம்.
நாங்கள் கத்திய கத்தலில்
பக்கத்து வகுப்புச் சேர் எட்டிப் பார்த்தார்,
குடையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

இடியப்பத்தில் அயடீன் விட்டோம், கறுநீலம்.
பணிசில் விட்டோம், கறுநீலம்.
கை தவறி ஸும்றாவின் வெள்ளை ஷோலில் விட்டோம்,
அதுவும்!
அவள் உம்மா கஞ்சி போட்டுத்தான் தோய்க்கிறா என்பது
அன்றைக்கு நிரூபணமானது.

பிறகுதான் உப்பு.
ஆளுக்கொரு போத்தல் கடல் கொண்டுவரச் சொன்னார்
புனிதமலர் ரீச்சர்.
நூறு மில்லிலீற்றரை வற்றக் காய்ச்சி
மிஞ்சுவதை நிறுக்கவேண்டும்.
உப்புவெளிக் கடல் வந்தது, நிலாவெளிக் கடல் வந்தது.
டச்பே கடல் மூடி கழன்று
பாதி புத்தகப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது.
நான் கிண்ணியாப் பாலத்தடியில்
மழைக்குள் இறங்கி
ஒரு சோடாப் போத்தல் நிறைய.

யதுகுலனின் மாமா நகைக்கடைத் தராசு தந்தார்.
தாலிக்கொடி நிறுக்கிற தட்டில்
எங்கள் அழுக்கு வெள்ளைத் தூள்:
மூன்று தசம் ஐந்து.
மூன்று தசம் நாலு.
மூன்று தசம் ஐந்து.
என்னுடையது
ஒன்று தசம் இரண்டு.

"எங்கயும் கொட்டினீரோ?"
"இல்ல ரீச்சர்."
"அப்ப கொதிக்கேக்க தெறிச்சிருக்கும்."
மணி அடித்தது.
கௌரிஷா காதுக்குள் சொன்னாள்:
"சும்மா மூண்டரை எண்டு எழுதன்.
கடல் எல்லாம் ஒண்டுதானே."

எழுதினேன், பென்சிலால்.
அவதானம்: 3.5 கிராம்.
ரீச்சர் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டார்.
பஸ்ஸில் அந்தச் சரி
என்னோடு ஒரே சீற்றில் நெருக்கிக்கொண்டு வந்தது.

பாலத்தில் பஸ் நின்றது, முன்னால் லொறி பழுது.
ஐந்து நாள் மழை.
யன்னலால் பார்த்தேன்.
தம்பலகாமப் பக்கமிருந்து
பால் தேத்தண்ணி நிறத்தில் வயல்வெள்ளம் இறங்க,
நீலம் அப்பால் ஒதுங்கி நின்றது.
நடுவில் ஒரு கோடு,
யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல.
கோட்டுக்கு இந்தப் பக்கம், தேத்தண்ணிப் பக்கம்,
நான் போத்தலை அமிழ்த்திய இடம்.

நான் கொட்டவில்லை!

யாரிடம் சொல்ல?
பக்கத்து மனிசி
மடியில் கோழிக்கூடையோடு நித்திரை.
கோழி மட்டும் விழித்திருந்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் அந்த மூன்றரையை அழித்தேன்.
மழை குடித்த கொப்பி,
ஐந்து இருந்த இடத்தில் தாள் ஓட்டையானது.
ஓட்டைக்குப் பக்கத்தில் எழுதினேன்:
1.2. இடம் கிண்ணியாப் பாலம். மழை.
சிவப்புச் சரி அப்படியே நின்றது,
தான் எதற்குச் சரி என்று தெரியாமல்.

சித்திரை வெய்யிலில், அதே தூணடியில்
இன்னொரு தரம் போத்தலை அமிழ்த்தினேன்.
யாரும் கேட்கவில்லை, அதற்குப் புள்ளியும் இல்லை.
குசினியில் வற்றக் காய்ச்சி,
மழை உப்பை ஒரு தாளிலும்
வெய்யில் உப்பை ஒரு தாளிலும் கொட்டி
பக்கம் பக்கமாக வைத்தேன்.
தராசு தேவைப்படவில்லை.

வாப்பாவைக் காட்டக் கூப்பிடப் போன நேரம்
உம்மா பெரிய குவியலை அப்படியே எடுத்து
மீன் ஆணத்தில் போட்டுவிட்டா.

ஆணம் லேசாகக் கசந்தது.
கொப்பியில் அதையும் குறித்து வைத்திருக்கிறேன்,
ஓட்டைக்குக் கீழே,
ஏன் என்று இன்னும் தெரியாது.