ஒருவருக்கு ஒரு முகவரி

கரடிப்போக்குச் சந்தியில்
கீழே தண்ணிப் பம்பு விற்கிற கடை.
மேலே நாங்கள் மூன்று பேர், நான்கு கணினி.
நாலாவது
வவுனியாவில் வாங்கின நாளிலிருந்து
ஒருநாளும் முழுதாய் எழும்பியதில்லை.

ஜாவாதான் மொழி என்கிறான் கபிலராஜ்.
இது எண், இது எழுத்து, இது வெறுமை என்று
எல்லாம் முன்னமே சொல்லிவிட வேண்டும்.
"சென்றியிலை நிக்கிறவன் மாதிரிக் கதைக்காதை"
என்கிறாள் நிலுக்சியா.
பைத்தனில் அவள் பத்து வரி எழுதுவாள்,
அதில் ஏழு இம்போர்ட்.
"உதெல்லாம் ஆர் எழுதினது?
ஆரின்ரை கையாலை வந்த சாமான் எண்டு தெரியுமோ உனக்கு?"
"நீ குடிக்கிற பால்மா
ஆரின்ரை மாட்டிலை கறந்தது?"
அவன் கோப்பைக்குள் பார்த்தான்.
பிறகு குடித்தான்.

என் சிக்கல் வேறு.
வறட்சி நட்டஈட்டுப் பட்டியல்.
ஒரு பெயரைத் தட்டினால் நாற்பத்தேழு செக்கன்.
கமநல நிலையத்து வரிசையில் நிற்பவர்களுக்கு
அது ஒரு நேரமே இல்லை.
எனக்கு அவமானம்.
இன்டெக்ஸ் போட்டேன்: நாற்பத்தாறு.
மெமரியைக் கூட்டினேன்: நாற்பத்தாறரை.
அது எப்படிக் கூடியது என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கீழே சத்தம்.
உருத்திரபுரத்திலிருந்து ஒருவர்
பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டித்
திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.
"ஜப்பான் எண்டெல்லோ தந்தனீர்?"
"பெட்டியிலை அப்பிடித்தான் கிடக்கு அண்ணை."
"பெட்டியே தண்ணி இறைக்கிறது?"

இரவு, மற்ற இருவரும் போன பிறகு,
தரவுத்தளத்திடம் கேட்டேன்:
தேடாதே, எப்படித் தேடுவாய் என்று மட்டும் சொல்.
அது தன் திட்டத்தை விரித்தது.
மூன்றாம் வரியில் இருந்தது
ஒருவருக்கு முகவரி: ஒன்று.

பொய்யில்லை, ஊகம்.
வீடு நின்ற இடத்திலேயே நிற்கிற
எங்கோ ஒரு நாட்டில் செய்த சாமான்.
கேட்காவிட்டால் அப்படித்தான் நினைக்கும்.

நான் எங்கள் அட்டவணையைத் திறந்தேன்.
அடைக்கலம் பேதுரு, விவசாயி, இரண்டு ஏக்கர்:
மல்லாவி
அக்கராயன்
தருமபுரம்
விசுவமடு
உடையார்கட்டு
தேவிபுரம்
இரணைப்பாலை
மாத்தளன்
ஒரு வலய எண், அதற்குள் ஒரு கூடார எண்
மல்லாவி.
சில திகதிகளுக்கிடையே நாலே நாள்.
அவருக்குக் கீழே இன்னும் முப்பத்தோராயிரம் பேர்.

ஒரே ஒரு கதவுதான் என்று நம்பி
ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதவாய்த்
தட்டிக்கொண்டு போயிருக்கிறது, பாவம்,
நாற்பத்தேழு செக்கனும்.

அனலைஸ் என்று ஒரு சொல் தட்டினேன்.
போய் எண்ணிப் பார் என்பது அதன் பொருள்.
எண்ணியது.
சராசரி, ஒருவருக்கு, ஒன்பது தசம் ஆறு.

பேதுருவை மறுபடி தேடினேன்.
கண்ணை இமைக்கு முன்
பத்து வரியும் வந்து நின்றன.
இவ்வளவு கெதியாய் வந்திருக்க வேண்டாம்
என்று பட்டது. விளக்கை அணைக்காமலே
கொஞ்ச நேரம் இருந்தேன்.

காலையில் கபிலராஜ் கேட்டான்:
"எந்த மொழியிலை திருத்தினனீ?"
"ஒண்டும் எழுதேல்லை. எண்ணச் சொன்னன்."
"அப்ப என்ரை ஜாவா பிழையில்லை."
"பைத்தனும்தான்," என்றாள் அவள்,
எட்டாவது இம்போர்ட்டைத் தட்டிக்கொண்டே.

கீழே உருத்திரபுரத்துக்காரர் வேறு பம்பு எடுக்கிறார்.
பெட்டியில் என்ன நாடு என்று வாசிக்கவில்லை.
"ஒரு வாளி தண்ணி கொண்டாரும்" என்றார்,
"இஞ்சையே ஓடவிட்டுக் காட்டும்."
முதலாளி வயரைச் செருகினார்.
குழாய் துள்ளி
எங்கள் மாடிப்படி முழுக்க நனைந்தது.
அவர் கையை நீட்டி
வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
இன்னும் காசு கொடுக்கவில்லை.