பிரசிடெண்டுகள் பிறந்த வீடு

அப்பாவிடம் ஒரு ரேடியோ இருந்தது.
வலை பொத்தும்போது மடியிலேயே கிடக்கும்.
அமெரிக்காவில் யார் ஜெயித்தாலும்
பாம்பனுக்குத் தெற்கே எங்கள் வீட்டில்
ஒரு தொட்டில் தயாராக இருந்தது.

கென்னடி செத்த சேதி வந்த வாரம்
பெரியண்ணன் பிறந்தான்.
"புனிதர் பெயர் ஒன்று வேண்டுமே" என்றாராம் சாமியார்.
"அவரும் வேதக்காரர்தான் சாமி" என்றாராம் அப்பா.
கோவில் ஏட்டில் அருளப்பன், தெருவில் கென்னடி.

பிறகு கார்ட்டர். அதற்குப் பிறகு ரீகன்.
ரீகன் பிறந்தபோது கார்ட்டருக்கு நாலு வயது.
"உன்னத் தோக்கடிச்சவன் வந்துட்டாண்டா" என்று
தெருப்பையன்கள் சொல்ல
மூன்று நாள் தம்பியின் முகத்தையே
பார்க்கமாட்டேன் என்றான்.

நடுவில் நான்.
அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்காராததால்
அப்பாவிடம் எனக்குப் பெயர் இல்லை.
அம்மா தன் அத்தையின் பெயரை எடுத்துக் கொடுத்தாள்.
பிரகாசி.

கோவில் கிடங்குக்கு வரும் கோதுமைச் சாக்கில்
இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும்.
அந்தத் துணியில் தைத்த கால்சட்டையோடு
கென்னடி பள்ளிக்கூடம் போனான்.
அவன் புட்டத்தில்
இரண்டு தேசங்கள் கைகுலுக்கியபடியே போயின.

இப்போது கென்னடிக்கு இரண்டு கண்ணிலும் புரை.
கார்ட்டர் மண்டபத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.
ரீகன் அடுத்தவன் படகில் பங்குக்குப் போகிறான்.
நான் இருபத்தாறு வருஷமாய்
கம்பெனியில் இறால் உரிக்கிறேன்.

போன வருஷம்
அங்கே யாரோ பேனா மூடியைத் திறந்தார்கள்.
இங்கே முப்பது கவுண்ட் இறால்
கிலோவுக்கு எண்பது ரூபாய் இறங்கியது.
"வரி" என்றார் மேனேஜர்.
எவ்வளவு என்றதற்கு விரல்களை விரித்தார், மடக்கினார்,
மறுபடி விரித்தார்.
ஐஸில் மரத்த எங்கள் விரல்களால்
அதை எண்ணிப்பார்க்க முடியவில்லை.
பாதிப் பேரை நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள்.
ரீகன் பெண்டாட்டியின் கொடி
திரும்பவும் அடகுக்கடைக்குப் போனது.
"எவன்யா அவனுக்கு ஓட்டுப் போட்டது?" என்றாள்,
புருஷனைப் பார்த்தே.

அந்த வருஷம்தான்
எங்கள் பஞ்சாயத்து பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது.
எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால்
தெருவிளக்கு, தண்ணீர் லாரி,
சாவு வீட்டில் முதல் வரிசை நாற்காலி.
இறால் விலை அதில் வராது. தெரியும்.
ஆனாலும் உரிக்கிற பெண்கள்
ஆளுக்கு ஐம்பது போட்டு டெபாசிட் கட்டினார்கள்.
சின்னம் பூட்டு சாவி.
கென்னடி என் கையைப் பிடித்துக்கொண்டு
தெருத்தெருவாய் வந்தான்.
யார் வாசல் என்று தெரியாமலே கும்பிட்டான்.
எதிராளி வீட்டு ஆட்டுக்கும் ஒரு கும்பிடு.

நாலு ஓட்டில் தோற்றேன்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் ஒன்பது ஓட்டு.
ரீகன் போட்டான். அவன் பெண்டாட்டி
சத்தியமே பண்ணினாள்.
கென்னடிக்குப் பட்டன் தெரியாது,
பேரன் கையை வைத்துக்கொடுத்தான்.
கார்ட்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெயித்தவளின் புருஷன்
ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொட்டகை போட்டுத் தருவதாகச்
சொல்லியிருந்தான் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
எல்லோரும் வந்தார்கள்.
விளமீன் குழம்பு.
சின்ன வயசிலிருந்தே
தலை கார்ட்டருக்குத்தான்.
அன்றைக்கு ரீகன் தட்டில் வைத்தேன்.
கார்ட்டருக்கு வால்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஏன் என்று கேட்கவில்லை.
முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் அடுக்கினான்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

குழம்பு மட்டும்
இன்னொரு கரண்டி ஊற்றினேன்.