மரைக்கு எந்தத் துவக்கு

மானுக்கும் மரைக்கும் ஒரே துவக்கு போதுமா
என்று கேட்டார் ஷொக்மன் துரை,
தொப்பித் தண்ணீர் என் ரசீதுப் புத்தகத்தில் சொட்ட.

நுவரெலியாவில் ஆடி மாதத்து வியாழக்கிழமை.
குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில்
வெறும் வெள்ளை.
பதினோரு வருடம் எண்ணெய்த் துணியோடு
இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்.
ஒருநாளும் சுட்டதில்லை.
சுட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்டதுமில்லை.

மரை என்று நான்தான் எழுதுகிறேன்.
அவர் சொன்னது எல்க்.
முன்னே வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன சொல்.
எல்க் வேறெங்கோ பனிக்காட்டில் வேறொரு மிருகம்.
பெயர் வைத்த அன்றே
முதல் குறி தப்பிவிட்டது.

அலுமாரியைத் திறந்தேன்.
இருபத்திரண்டை அவரே ஒதுக்கினார், நல்லது;
மரையின் தோலுக்கு அது அட்டைக்கடி.
கேளையாடு என்றால் எதுவும் போதும்,
நாற்பது இறாத்தல்,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் எடை.
மரை அப்படியல்ல.
கிழட்டுக் கடா ஐந்நூறு இறாத்தல் வரும்,
பிடரிமயிர் நனைந்து தொங்க,
நெஞ்சில் வாங்கிய பிறகும் இரண்டு ஓடை தாண்டும்.
அதற்குத் தடித்த சன்னம் வேண்டும்,
எலும்பில் நின்றுவிடாத சன்னம்.

முந்நூற்றெழுபத்தைந்தை எடுத்து வைத்தேன்.
தூக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.
எவ்வளவு தூரம் போகும்?
போகும் துரை, என்றேன்,
மரையைத் துளைத்த பிறகும் போகும்.

அங்கேதான் என் வாய் நின்றது.

கிளென்ரோவன் தோட்டத்தில்
விரட்டுக்குப் போகிறவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார்கள்,
தகரம் தட்டிக்கொண்டு, சாக்குப் போர்த்திய பதினாறு பேர்.
மழையில் ஊறிய சாக்கு
மரையின் நிறம்.
அதில் ஒரு சாக்குக்குள் என் மச்சான் சடையப்பன்,
பங்கு இறைச்சிக்காகப் போகிறவன்.
அவர்களுக்கும் பின்னால் லயம்,
பலகைக் கதவுகள்.

துரைமார் கேட்பது எடை, தூரம், வேகம்.
குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று
இந்த மேசையில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த மலைக்கு இது சரிவராது துரை,
தோள் பெயர்ந்துவிடும், ஈரத்தில் குழல் கறுக்கும்.
பொய். இரண்டும் பொய்.
பன்னிரண்டு போரை நீட்டினேன், எஸ்ஜி தோட்டாவோடு.
நாற்பது யாருக்குள் என்றால் மரை விழும்.
தாண்டினால் ஒன்பது ரவையும்
பாகம் பிரித்த அண்ணன் தம்பிகளாய்
ஆளுக்கொரு பக்கம் போய்த் தேயிலைக்குள் அடங்கும்.
தாண்டினால் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாங்கினார். பதிவேட்டில் எழுதினேன்:
துவக்கின் இலக்கம், செய்த ஊர் பர்மிங்ஹாம்,
செய்த ஆண்டு, மாறிவந்த ஒவ்வொரு கை.
நான் இந்த நாட்டுப் பிரசை என்று போட்ட மனு
இதில் பாதி இல்லாமல்தான்
திரும்பி வந்தது.

மூன்று கிழமை கழித்து மச்சான் வந்தான்,
முழு ஆளாக, வெறுங்கையோடு.
எழுபது யாரில் சுட்டாராம்.
வயிற்றில் பட்டு ஓடியதாம்.
பீலித் தண்ணீர் நாறத் தொடங்கி
மேலே ஏறித் தேடினார்களாம்.
முழங்கால் மடித்து ஓடைக்குள் கிடந்ததாம்,
செத்து அதிக நேரம் ஆகவில்லையாம்,
புண் மட்டும் பழசாம்.
அஞ்சு நாள் மச்சான், என்றான்,
அஞ்சு நாள் அது உசிரோட இருந்திருக்கு.
நான் தேத்தண்ணி ஊற்றினேன்.
சீனி போட மறந்தேன். அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை துரை வருவார்.
அன்றைக்குக் காட்டினாயே, அந்தப் பெரியது, என்பார்.
தடித்த சன்னத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறேன்.
ஒரே அடி. மரைக்கு அதுதான் நல்லது.

விற்றுப்போச்சு என்று சொல்லலாம்.
கொழும்புக்கு எழுதி எடுக்க இரண்டு கிழமை.
அதற்குள் மழை விட்டால்
எது சாக்கு, எது மரை என்று
கண்ணுக்காவது தெரியும்.