ஆறு மைக்ரான்

குறிச்சி சிட்கோ, மூன்றாம் வரிசை,
மேற்குப் பார்த்த ஷட்டர்.
உள்ளே ஒரு சி.என்.சி. லேத்து.
அதன் டிஜிட்டல் இரட்டை
என் லேப்டாப்பில் குடியிருந்தது.

ஸ்பிண்டில் சுற்றினால் இதுவும் சுற்றும்.
டூல் தேய்ந்தால் இதுவும் தேயும்.
பதினோரு சென்சார், நான்கு மாதம்,
இரண்டு கோடி வரி எண்கள் தின்று வளர்ந்தது.
போர்வெல் மோட்டாருக்கான ஷாஃப்ட்
எத்தனை மைக்ரான் கூடும், எத்தனை குறையும் என்று
கடைவதற்கு முன்பே சொல்லிவிடும்.

வைகாசியில் சொன்னது.
ஆனியில் பாதி நாள் சொன்னது.
ஆடி பிறந்தது,
மாலை நாலு மணிக்கு மேல் உளறத் தொடங்கியது.

ஆறு மைக்ரான் பிசகு.
தலைமுடி ஒன்றைப் பன்னிரண்டாய்க் கிழித்தால்
கையில் வருகிற ஒரு கீற்று.
பேரிங் உட்காராமல் போக அது போதும்.

பழியை முதலில் இன்சர்ட் மேல் போட்டேன்.
பிறகு கூலன்ட் மேல். பிறகு மின்வாரியத்தின் மேல்.
பக்கத்து ஷெட்டின் பவர் பிரஸ்ஸோடு
ஒரு வாரம் மனசுக்குள் சண்டை.
நெறியாளர் போனில் சொன்னார்:
"இன்னும் ரெண்டு அடுக்கு கூட்டிப் பாரும்மா."
கூட்டினேன்.
அதே தப்பை
இன்னும் தன்னம்பிக்கையோடு சொன்னது.

ஆபரேட்டர் சென்னியப்பனைக் கேட்டேன்.
"தெரியலைங் மேடம்.
முன்னயெல்லாம் ஆஃப்செட்டை ரெண்டு தட்டுத் தட்டிருவனுங்.
ஆராய்ச்சி நடக்குது, தொடாதேன்னாங்க.
தொடலீங்."
தொடாதே என்று ஒட்டிய தாளில்
என் கையெழுத்துதான் இருந்தது.

பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள்
அளவு எழுதிய தாள்கள் மேசையிலிருந்து கிளம்பி
சுருள் இரும்புத் தொட்டிக்குள் போய் விழுந்தன.
பொறுக்கக் குனிந்தேன்.
முதுகில் சில்லென்று பட்டது.
பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து
மதுக்கரை சிமென்ட் தூசியைக் கொஞ்சம் கையோடு எடுத்து
நேராக உள்ளே வந்திருந்தது காற்று.
என் முதுகைத் தாண்டினால்
அடுத்து ஸ்பிண்டிலின் முதுகு.

மணி பார்த்தேன். நாலு பத்து.
நாலுக்கு டீ வரும்.
டீக்காக ஷட்டர் ஏறும்.
அப்புறம் அதை யாரும் இறக்குவதில்லை.

"மூடியே வெச்சுக்கலாமா?"
சென்னியப்பன் சட்டையை உடம்பிலிருந்து பிரித்துக் காட்டினார்.
"வேகுதுங்."

சரி, திறந்தே இருக்கட்டும்.
ஷட்டர் கம்பியில் ஒரு காந்த சுவிட்சு.
கம்ப்ரசர் தலையில் ஒரு பிளாஸ்டிக் காற்றாடி,
நூற்றெண்பது ரூபாய், பில் இல்லை.
மூன்று வாரத்தில் ஆறு மைக்ரான்
ஒன்றரைக்கு இறங்கியது.
ஓனர் வந்து பார்த்து,
"இதுக்கா இத்தன வயரு?" என்று கேட்டுவிட்டு
வயரைத் தாண்டிக் கவனமாய் நடந்து போனார்.

கட்டுரையில் அதற்குப் பெயர்
சூழல் மாறி, பன்னிரண்டும் பதின்மூன்றும்.
மதிப்பாய்வாளர் அலகு கேட்டிருந்தார். எழுதி அனுப்பினேன்.
என் நிரலில் பன்னிரண்டுக்கு நான் வைத்த பெயர்
'டீ'.

ஐப்பசியில் காற்று கிழக்கே திரும்பும்.
இரட்டை அதை இன்னும் படிக்கவில்லை.
கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது,
பெயிண்ட் அடித்து இறுகிப்போனது.
நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன்,
சென்னியப்பன் ஸ்பானரால்
அதன் கொக்கியைத் தட்டிக்கொண்டிருந்தார்.