நான்கு கோடு இடம்

நீங்கள் விட்டுப்போன படிவத்தில்
'கடைக்காரர் சொல்ல விரும்புவது' என்று போட்டு
நான்கு கோடு இடம் இருக்கிறது, தோனா இரனில்டா.
போதாது.
பின்பக்கமும் எழுதுகிறேன்.

பெலெம் நகரில் எங்களுக்குக் கடிகாரம் வேண்டாம்.
மழைக்கு முன் வா, மழைக்குப் பின் வா
என்றுதான் நேரம் குறிப்போம்.
குவாமா பேட்டையில் என் கடைக்கு வரும் எல்லாத் தலையும்
மழைக்கு முன்தான் வரும்.
நேராக்கிய முடியில் மூன்று நாள்
ஒரு சொட்டுப் படக்கூடாது.
இந்த ஊரில், மூன்று நாள்!
பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடுவார்கள்,
கிரீடம் விழுந்துவிடுமோ என்று ஓடுகிற ராணிகள்.

குப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள்.
குப்பியில் ஓர் இலை இருக்கிறது, பச்சையாக.
இலைக்குக் கீழே
'பார்மலின் இல்லை' என்று இருக்கிறது.
இல்லாத ஒன்றை இவ்வளவு பெரிய எழுத்தில்
ஏன் போட வேண்டும் என்று
எனக்கும் தோன்றாமல் இல்லை.

தடவி, சீவி, சூட்டு இரும்பை வைத்தால்
புகை எழும்.
முதலில் கண். பிறகு மூக்கு.
பிறகு தொண்டைக்குள் யாரோ தீக்குச்சி கிழிப்பார்கள்.
நாற்காலியில் இருப்பவள் அழுவாள், நான் அழுவேன்,
முறைக்குக் காத்திருப்பவளும் அழுவாள்.
சாவு வீடு என்று நினைத்து
தெருவில் போன ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.
சிரித்தோம், இருமிக்கொண்டே.

கண்டுபிடித்தது நீங்கள் இல்லை. என் தம்பி வால்தெனோர்.
மருத்துவக் கல்லூரியில்
பிணங்களைத் தொட்டியில் கெடாமல் வைக்கிற வேலை அவனுக்கு.
வீட்டுச் சாவி வாங்க வந்தவன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
"அக்கா, எங்கள் கூடத்து வாசனை
உன் கடைக்கு எப்படி வந்தது?"
அவர்களுக்குக் கையுறை உண்டாம், முகமூடி உண்டாம்,
புகையை உறிஞ்சும் விசிறி உண்டாம்.
செத்தவர்களோடு இருக்க அத்தனையும் தருகிறார்கள்.
அன்று இன்னும் இரண்டு தலை பாக்கி.
முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அளவு என்று ஒன்று உண்டு என்றீர்கள்.
நூற்றில் புள்ளி இரண்டு பங்கு.
சரக்கு கெடாமலிருக்கப் போடலாம்,
முடியை நேராக்கப் போடக்கூடாது.
குழம்புக்கு உப்புச் சொல்வதுபோல் சொன்னீர்கள்.
அந்த அளவுக்கு ஒரு சுருளும் அசையாது, அம்மா.
அசைகிற அளவை
எவனும் லேபிளில் போடமாட்டான்.

ஆறு குப்பி எடுத்தீர்கள்.
நூல் கட்டி, ஈய முத்திரை குத்தினீர்கள்.
முடிவு வர நாற்பது வேலை நாள்.
எனக்கு வேலை நாள் ஒன்றுக்கு ஐந்து தலை.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குனிந்து கையெழுத்துப் போட்டபோது பார்த்தேன்.
உங்கள் நெற்றியோரம் இரண்டு விரற்கடைச் சுருள்,
அதற்குப் பிறகு நூல் பிடித்த நேர்.
மூன்று மாதம் இருக்கும். நல்ல கை, யாருடையதோ.
நிமிர்ந்தீர்கள்.
நான் பார்த்ததைப் பார்த்தீர்கள்.
நேர்முகத் தேர்வுக்குச் சுருட்டை முடியோடு போகாதே என்று
உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பேனாவை மூடிவிட்டு
தணிந்த குரலில் கேட்டீர்கள்:
"இந்த இருமல் எத்தனை நாளாய்?"
அப்போது சொல்லவில்லை.
கடை திறந்த இரண்டாம் வருஷத்திலிருந்து.

நேற்று மோட்டார் சைக்கிள்காரன் வந்தான்.
புதுக் குப்பி, புதுப் பெயர்.
இலை இப்போது இரண்டு.
வாங்கினேன்.
வாங்கவில்லை என்று எழுதத்தான்
தாளைத் திருப்பினேன். கை வரவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மூடு, ஈரம் வருது, எல்லாம் சுருண்டுவிடும் என்று
நாற்காலியிலிருந்து கத்துகிறாள் ஒருத்தி.
ஆற்றுப் பக்கத்துத் தகரக் கூரைகள்
ஒவ்வொன்றாகச் சத்தம் போடத் தொடங்குகின்றன.