கொடுத்து வைத்தது

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் கூட்டம்.
நாற்காலி போதாமல் பாதிப்பேர் மரப்படிகளில்.
நனைந்த மேலங்கிகளின் வாடை.
ஆஸ்டோரியாவில் அக்டோபர் என்றால்
மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணி அடிப்பது என் வேலை.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
கையில் நிறுத்துக் கடிகாரம், மேசைமேல்
பள்ளி வரவேற்பறையில் இரவல் வாங்கிய மணி.

காங்கிரஸ் உறுப்பினர் வரைபடம் காட்டினார்.
சிவப்புக் கோடு வலப்பக்கம் போய்ச் சரிந்தது.
ஓய்வு வயதைக் கொஞ்சம் தள்ளலாம்,
தொகையில் கொஞ்சம் கிள்ளலாம்,
இப்போது வாங்குகிறவர்களுக்குப் பயமில்லை என்றார்.
"உங்களுடையது கொடுத்து வைத்த தலைமுறை"
என்று சிரிக்கவும் செய்தார்.

ஏழாவதாக ஐலி நீமெலா வந்தார்.
சூரைமீன் ஆலையில் முப்பத்தோரு வருடம்.
வலதுகை விரல்கள் இன்னமும்
கத்தி பிடித்த வாக்கிலேயே மடங்கியிருக்கின்றன.
அவற்றால் ஒலிவாங்கியைத் தாழ்த்தினார்,
காலணிப் பெட்டியைத் திறந்தார்.
"ஆமாம். கொடுத்துத்தான் வைத்தேன்."
சம்பளச் சீட்டுகளை வாசிக்கத் தொடங்கினார்.

அறுபத்து நான்கு, ஜூலை மூன்றாம் வாரம்,
பிடித்தம் இரண்டு டாலர் இருபத்தைந்து சென்ட்.
நான்காம் வாரம், அதே.
ஆகஸ்ட் முதல் வாரம், ஒன்று எண்பது.
ஒருநாள் படகு வரவில்லை.

குரல் ஏறவில்லை. மளிகைப் பட்டியல் ஒப்பிக்கிற மாதிரி.
அறுபத்தெட்டு, மார்ச்: மூன்று டாலர் எட்டு சென்ட்.
"லெம்பி அப்போது வயிற்றில். நின்றுகொண்டேதான் வேலை."

இரண்டு நிமிடம் ஆனது. மணியைத் தட்டினேன்.
கோபமில்லாமல் என்னைப் பார்த்தார்,
மீதிச் சில்லறைக்குக் காத்திருப்பவர் கடைக்காரனைப் பார்ப்பதுபோல.

அடுத்து நின்றவன் கூரை வேலை செய்கிற டார்னல்,
இருபத்தாறு வயது இருக்கும்.
"என் இரண்டு நிமிடமும் அவருக்கு" என்றான்.
அவனுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள்.
பிறகு யாரும் சொல்லவில்லை,
வரிசை அப்படியே நின்றது.

எழுபத்தொன்று. எழுபத்து மூன்று.
எழுபத்து நான்கு, வேலைநிறுத்தம், நான்கு வாரம் சீட்டு இல்லை.
ஒரு சீட்டு மீனெண்ணெய் பட்டு மங்கியிருந்தது.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து,
"தெரியவில்லை. ஆனால் பிடித்திருப்பார்கள்."
அரங்கம் அப்போது மட்டும் சிரித்தது.

உறுப்பினரின் உதவியாளர் எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார்.
இதே பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.
ஒரு சீட்டைக்கூட எடுத்து வைத்ததில்லை,
எங்கேயோ யாரோ கணக்கு வைத்திருப்பார்கள் என்று.

ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வந்த பராமரிப்பாளர்
சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பொத்திக்கொண்டு
சுவரில் சாய்ந்து நின்றார்.
பெட்டியில் பாதிக்குமேல் மிச்சம்.
மணியை எடுத்து மேசைக்குக் கீழே,
என் ஈரக் குடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எண்பத்து மூன்று, மே இரண்டாம் வாரம்.
பதினாறு டாலர்
எட்டு சென்ட்.